முட்டிக்கொள்ளும் இரண்டு அம்புகள்: பீரங்கிக் கேஸின் அடியில் இருக்கும் கதை

இந்த எபிசோடுக்கு முதலில் ஒரு சின்ன உருவத்தை மனசில் வரைஞ்சுக்கோங்க. கோழிக்கால் தடம் மாதிரி மூணு கோடு, ஒரே புள்ளியில் வந்து சேருது. நடுவில் ஒரு நேர்க்கோடு, ரெண்டு பக்கமும் சாய்வா ஒவ்வொரு கோடு. இது ஒரு அம்பு முனை. இப்போ எதிர்ப்பக்கத்திலிருந்து அதே மாதிரி இன்னொரு அம்பு வந்து, ரெண்டு முனையும் முட்டி நிற்கிற மாதிரி வைங்க. ஆறு கால் உள்ள ஒரு நட்சத்திரம் மாதிரி தெரியும்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய பொருள் ஒன்றின் மேல் இந்தக் குறி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வித்தாச்சு. இது இனிமேல் அரசாங்கத்தோட சொத்து இல்லை. துப்பாக்கியில் இருக்கும், பயோனெட்டில் இருக்கும், பித்தளை பீரங்கிக் கேஸின் அடிப்பாகத்திலும் இருக்கும்.

இன்று நாம் பேசப் போவது அந்தக் கேஸ்களைப் பற்றித்தான். அவற்றின் அடியில் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் குறிகளையும் எப்படிப் படிப்பது? அதில் எது அரசாங்க முத்திரை, எது விற்பனை முத்திரை? கேட்க கலெக்டர்கள் சமாச்சாரம் மாதிரி இருக்கு, இல்லையா? ஆனால் இதுக்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கு. ஒரு பொருளுக்கு ஓனர் யார் என்பது ஒரு கேள்வி. அந்தப் பொருள் ஆபத்தானதா என்பது வேறொரு கேள்வி. முத்திரை முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ரெண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைச்சிட்டதா உலகம் நடந்துகொண்டதற்கு விலை கொடுத்தவங்க யாருன்னு கடைசியில் பார்ப்போம்.

ஷெல் வேற, கேஸ் வேற

சென்னைக்காரங்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு சுலபமான உதாரணம் இருக்கு. எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு, அந்த ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் கடற்கரைக்கு வந்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளால் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு ஹைகோர்ட் வளாகத்தில் விழுந்தது. இன்றும் அங்கே அதைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது.

அன்றைக்குப் பறந்து வந்து விழுந்தது ஷெல். உள்ளே வெடிமருந்து வைத்த இரும்புக் குண்டு. ஆனால் அந்த ஷெல்லைத் தள்ளிவிட்ட மருந்து இருந்தது, பின்னால் மாட்டியிருந்த உலோகக் குழாயில். அதுதான் கேஸ். சுட்டு முடித்ததும் ஷெல் எதிரியிடம் போய்விடும், கேஸ் சுட்டவன் காலடியில் விழும். மெட்ராஸுக்கு வந்தவை ஷெல்கள். கேஸ்கள் எல்லாம் எம்டன் கப்பலிலேயேதான் விழுந்திருக்கும்.

இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஷெல் ஒரு தடவைதான். கேஸை எடுத்து, சுத்தம் பண்ணி, வடிவத்தைச் சரிசெய்து, மறுபடி மருந்து நிரப்பலாம். திரும்பத் திரும்பப் பயன்படும் பொருளுக்குத்தான் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத் தனி நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போர்க்களத்தில் தொலைந்துபோகும். அதனால் பொருளின் மேலேயே அடித்துவிட்டார்கள்.

ஒரு கேஸைக் கவிழ்த்துப் பார்ப்போம்

ப்ராஜெக்ட் விஷயமா நான் கொஞ்ச மாசம் பிரசல்ஸில் இருந்தேன். அங்கே மரோல் என்ற பகுதியில் தினமும் காலையில் ஒரு பழைய பொருள் சந்தை கூடும். நம்ம பழைய மூர் மார்க்கெட் பற்றிப் பெரியவங்க சொல்வாங்களே, அந்த மாதிரி. உடைஞ்ச விளக்கு, யாரோ வீட்டுக் குடும்பப் படம், டீ செட், அதுக்கு நடுவில் வரிசையாகப் பித்தளைக் கேஸ்கள். கடைக்காரர் ஒரு பெரியவர். கவிழ்த்துப் பார்க்கலாமான்னு கேட்டேன், தாராளமா பாருன்னு கையில் கொடுத்தார்.

அது பிரிட்டிஷ் 18 பவுண்டர் பீரங்கியின் கேஸ். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் அன்றாட பீரங்கி அதுதான். குழாயின் விட்டம் 84 மில்லிமீட்டர், குண்டின் எடை சுமார் 8.4 கிலோ. மேற்கு முனையில் மட்டும் அந்த ரக பீரங்கிகள் சுட்ட குண்டுகள் ஏறக்குறைய 10 கோடி. அதனால்தான் ஐரோப்பாவில் எந்தப் பழைய பொருள் சந்தைக்குப் போனாலும் இந்தக் கேஸ் கண்ணில் படும். கேஸின் உயரம் கிட்டத்தட்ட ஒரு அடி ஸ்கேல் அளவு.

அடியில் என்ன இருந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் 18, அதற்குப் பக்கத்தில் பி.ஆர். என்ற ஆங்கில எழுத்துகள். 18 பவுண்டர் என்பதன் சுருக்கம். அதற்கடுத்து ரோமன் எண்ணில் இரண்டு. இது மார்க் 2, அதாவது டிசைன் வெர்ஷன். நாம வெர்ஷன் 2.0 என்று சொல்றோமே, அதே வேலைதான்.

அப்புறம் லாட் எண். எந்தத் தொகுப்பில் செய்தது என்பதற்கு. இதை நான் பில்ட் நம்பர் என்றுதான் பார்க்கிறேன். ஒரு லாட்டில் வந்த கேஸ் பீரங்கிக்குள்ளேயே கிழிந்தது என்றால், அந்த லாட் முழுவதையும் தேடிப் பிடித்து நிறுத்த இந்த எண்தான் வழி. இது இல்லாவிட்டால் எது நல்லது, எது கெட்டது என்று யாருக்கும் தெரியாது. சாவது சொந்த வீரர்கள்.

பிறகு செய்தவரின் அடையாளம், வருடம். ஆர்.எல். என்றிருந்தால் லண்டனுக்குப் பக்கத்தில் உல்விச்சில் இருந்த அரசாங்கத்தின் ராயல் லேபரட்டரி. தனியார் கம்பெனிகளுக்குத் தனித்தனிச் சுருக்கெழுத்துகள். நான் பார்த்த கேஸில் வருடம் 1915.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சி, எஃப் என்று இரண்டு எழுத்துகள். சி என்றால் கார்டைட் என்ற உந்துமருந்து. நைட்ரோகிளிசரின், துப்பாக்கிப் பஞ்சு, கொஞ்சம் வாசலின் சேர்த்து, சேமியா மாதிரி இழையாகப் பிழிந்து எடுப்பார்கள். ஊட்டி ரயிலில் போனவங்களுக்கு அருவங்காடு ஸ்டேஷன் ஞாபகம் இருக்கும். அங்கே இருக்கிற தொழிற்சாலையின் பெயரே கார்டைட் ஃபேக்டரிதான். இந்திய ராணுவத்துக்கு இந்த மருந்தைச் செய்யத்தான் 1900-களின் தொடக்கத்தில் நீலகிரி மலையில் அதைக் கட்டினார்கள். எஃப் என்றால் முழு அளவு மருந்து.

இந்த சி, எஃப் ஜோடி என் கையில் இருந்த கேஸில் மூன்று இடத்தில் இருந்தது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் புதிதாக ஒரு ஜோடி அடிப்பார்கள். அப்படியென்றால் இந்தக் கேஸ் மூன்று தடவை முன்களத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு தடவை காலியாகி, கடல் தாண்டி இங்கிலாந்துக்குத் திரும்பி, மறுபடி நிரம்பி வந்திருக்கிறது. நடுவில் மரையிட்டு மாட்டியிருந்த பிரைமரில் 1917 என்று இருந்தது. பிரைமர்தான் மருந்தைப் பற்றவைக்கும் சின்னத் துண்டு. ஒவ்வொரு தடவையும் மாற்றுவார்கள். அதனால் கேஸின் வருடமும் பிரைமரின் வருடமும் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் இதைப் பார்த்துப் போலி என்று முடிவுகட்டிவிடுவது உண்டு. உண்மையில் அது ஒரு நல்ல அறிகுறி.

ஏன் இவ்வளவு சிரமப்பட்டு ஒரு பித்தளைக் குழாயைத் திரும்பக் கொண்டுபோனார்கள்? 1915-ல் பிரிட்டனிடம் குண்டுகளே போதவில்லை. அந்த வருடம் மார்ச்சில் பிரான்ஸில் நெவ் ஷாப்பெல் என்ற கிராமத்தில் நடந்த தாக்குதலில் இந்தியப் படைப்பிரிவுகள் முன்வரிசையில் இருந்தன. தாக்குதலுக்கு முந்தைய பீரங்கித் தாக்குதல் 35 நிமிடங்கள். அதன்பிறகு சண்டையைத் தொடரக் குண்டுகள் பற்றாக்குறை. மே மாதம் இது பத்திரிகைகளில் வெடித்து, லண்டனில் ஆட்சியையே ஆட்டிவைத்தது. லாய்டு ஜார்ஜ் தலைமையில் ஆயுத உற்பத்திக்கென்றே ஒரு தனி அமைச்சகம் பிறந்தது. அந்தச் சூழலில் ஒவ்வொரு காலிக் கேஸும் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்ட சொத்து.

ஒற்றை அம்பு

இப்போ அந்த அம்புக்கு வருவோம். எல்லா எழுத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஒற்றை அம்பு இருக்கும். ஆங்கிலத்தில் பிராட் ஆரோ என்பார்கள். இது பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான குறி. பழைய கோயில் பாத்திரத்தில் கோயில் பெயரை வெட்டி வைப்பாங்களே, அந்த மாதிரி.

இந்தக் குறிக்கு வயசு அதிகம். 17-ம் நூற்றாண்டிலேயே போர்த்தளவாடங்கள் மேல் அடித்தார்கள். அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது, நியூ இங்கிலாந்துக் காடுகளில் கப்பல் பாய்மரத்துக்கு ஏற்ற உயரமான பைன் மரங்களில் கோடாலியால் இந்த அம்பை வெட்டிவிடுவார்கள். அப்புறம் அந்த மரம் ராஜாவுடையது, நிலத்துக்காரர் தொடக்கூடாது. 1772-ல் நியூ ஹாம்ப்ஷயரில் இதற்காகவே ஒரு கலகம் நடந்தது. பிரிட்டனின் நில அளவைக் கற்களில் இதே அம்பு இருக்கும். ஒரு காலத்தில் சிறைக் கைதிகளின் உடையிலும் இதே அம்புதான்.

1875-ல் அரசுப் பொருட்கள் சட்டம் என்று ஒன்று வந்தது. அந்த அம்பை மறைக்கும் நோக்கத்தோடு அழித்தால் குற்றம். இதில் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி இருக்கு. பழைய உலோக வியாபாரியிடமோ, அடகுக் கடைக்காரரிடமோ அரசாங்கப் பொருள் என்று சந்தேகப்படும்படியான ஒன்று கிடைத்தால், அது நேர்மையான வழியில்தான் வந்தது என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டிய பொறுப்பு அவருடையது. திருப்திப்படுத்த முடியாவிட்டால் அபராதம். அரசாங்கம் எதையும் முழுசாக நிரூபிக்க வேண்டியதில்லை. அதாவது அந்த அம்பு ஒரு காயலான் கடைக்காரரின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி.

விற்பனை முத்திரை எதற்கு என்று இப்போ புரிஞ்சிருக்கும். அரசாங்கமே ஒரு பொருளை விற்றால், வாங்கியவரை அதே சட்டத்திலிருந்து காப்பாற்ற வேண்டும். ஒரு வழி, பழைய அம்பை அராவி அழிப்பது. ஆனால் அப்படி அழித்தால், திருடன் அழித்ததற்கும் அரசாங்கம் அழித்ததற்கும் என்ன வித்தியாசம்? அதனால் பழைய அம்பைத் தொடாமல், எதிரே இன்னொரு அம்பை அடித்தார்கள். சாஃப்ட்வேரில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். பேங்க் கணக்கில் ஒரு என்ட்ரியை டெலீட் பண்ண மாட்டாங்க, அதற்கு எதிராக இன்னொரு என்ட்ரி போடுவாங்க. பழையது அப்படியே இருக்கும், ரத்தானதும் தெரியும்.

மிச்சமான யுத்தத்தை விற்பது

1918 நவம்பரில் சண்டை நின்றபோது பிரிட்டனிடம் மிச்சம் இருந்தவற்றை யோசித்துப் பாருங்க. லாரி, கூடாரம், கம்பளி, செம்பு, பித்தளை. நான்கு வருடம் ஒரு நாட்டின் மொத்தத் தொழில்துறையும் செய்து குவித்தது. இதை விற்கவே தனி வாரியம் அமைத்தார்கள்.

அளவு தெரிய ஒரு உதாரணம். லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் இருந்த ராணுவ வாகன டிப்போவை, ஆயிரக்கணக்கான பழைய வண்டிகளோடு சேர்த்து 1920-ல் ஒரு தனியார் குழுவுக்கு 70 லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைக்கு விற்றார்கள். அவர்கள் வண்டிகளைப் பழுதுபார்த்து விற்றார்கள். வண்டி தீர்ந்தபிறகு இடத்தைத் தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். இன்றைக்கும் இருக்கிற ஸ்லவ் தொழிற்பேட்டை பிறந்தது அப்படித்தான். தி ஆஃபிஸ் சீரியலின் பிரிட்டிஷ் ஒரிஜினலைப் பார்த்தவர்களுக்கு ஊர் பெயர் பரிச்சயமாக இருக்கும்.

கேஸ்களைப் பொறுத்தவரை பெரும்பாலானவை உருக்கத்தான் போயின. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். நல்ல பித்தளை. குழாய் ஆகும், விளக்கு ஆகும், கதவுப்பிடி ஆகும்.

ஆனால் இன்று கைக்குக் கிடைக்கும் கேஸ்களில் ஏராளமானவற்றில் விற்பனை முத்திரையே இருக்காது. ஒற்றை அம்பு மட்டும்தான். ஏன்? வீரர்கள் மூட்டையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவை உண்டு. வயலில் கண்டெடுத்து உள்ளூர் மக்கள் விற்றவை உண்டு. கண்டிப்பாகப் பேசினால், போர்க்காலத்தில் அது அரசாங்கச் சொத்தை எடுத்துப்போவதுதான். நடைமுறையில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதனால் முத்திரை இல்லை என்றால் போலி என்று அர்த்தம் இல்லை. அது வேறு பாதையில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மற்ற அம்புகள், மற்ற எழுத்துகள்

சாம்ராஜ்யம் பெரியது, அம்புக்கும் கிளைகள் உண்டு. சி எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. யு எழுத்துக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்கா. அம்புக்கு இரண்டு பக்கமும் டி எழுத்து இருந்தால் ஆஸ்திரேலியா. அம்புக்குக் கீழே ஐ இருந்தால் இந்தியா. கனடா அம்பின் சி-யையும், கார்டைட்டின் சி-யையும் குழப்பிக்கொள்ளாதீங்க. முன்னது அம்பைச் சுற்றி வளைந்திருக்கும், பின்னது தனியாக நிற்கும்.

ஜெர்மன் கேஸ்களின் குணம் வேறு. முதல் உலகப்போர் காலத்தவற்றில் ஆலையின் பெயரை முழுசாகவே படிக்கலாம். போல்டே மக்டபர்க், பட்ரோனன்ஃபாப்ரிக் கார்ல்ஸ்ரூ என்று ஊரோடு இருக்கும், மாதமும் வருடமும் இருக்கும். இரண்டாம் உலகப்போரில் இது தலைகீழ். எந்த ஆலை எதைச் செய்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாதென்று மூன்றெழுத்து ரகசியக் குறியீடு கொண்டுவந்தார்கள். அதே போல்டே மக்டபர்க், ஏ, யு, எக்ஸ் என்ற மூன்று எழுத்தாக மாறியது. பக்கத்தில் கழுகுச் சின்னத்தோடு ஆய்வாளரின் எண் இருக்கும். பிரெஞ்சுக் கேஸ்களில் 75-க்குப் பக்கத்தில் டி.இ., பிறகு சி என்றிருந்தால், அது அவர்களின் புகழ்பெற்ற 75 மில்லிமீட்டர் களப் பீரங்கி.

ஒரு கேஸில் இரண்டு நாட்டுக் குறிகள் இருப்பதும் நடக்கும். பிடிபட்ட பொருளை மறுபடி பயன்படுத்தும்போது புதிய ஓனர் தன் குறியை அடிப்பது வழக்கம்தான். மேலிருந்து கீழாகப் படிக்காதீங்க. எந்தக் குறி எதன் மேல் ஏறி நிற்கிறது என்று பாருங்க. மேலே ஏறி நிற்பதுதான் பிந்தையது.

பூச்சாடியும் போலியும்

அந்தச் சந்தையில் இருந்த கேஸ்களில் பாதிக்கு மேல் பூச்சாடிகள். பக்கவாட்டில் பூ, இலை, ஊர்ப்பெயர் எல்லாம் தட்டிச் செதுக்கியிருந்தது. இதைப் பதுங்குகுழிக் கலை என்பார்கள். பெயரைக் கேட்டால் குண்டு மழைக்கு நடுவே ஒரு சிப்பாய் உட்கார்ந்து செதுக்கிய காட்சி வரும். ஆனால் இந்தக் கலையை நீண்டகாலம் ஆராய்ந்த மானிடவியலாளர் நிக்கோலஸ் சாண்டர்ஸ் காட்டுவது வேறு படம். முன்களத்துக்குப் பின்னால் இருந்த பட்டறைகளில் செய்தவை உண்டு, போர்க்கைதிகள் செய்தவை உண்டு, சாதாரண மக்கள் பிழைப்புக்காகச் செய்தவையும் நிறைய. போருக்குப் பிறகு 1920-களில், மகனையோ கணவனையோ இழந்த குடும்பங்கள் ஈப்ர் போன்ற ஊர்களுக்குக் கல்லறை தேடி வந்தன. வீடு இடிந்து கிடந்த உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு இந்தச் சாடிகளை விற்றார்கள். விற்றவர், வாங்கியவர் இருவருமே அந்தப் போரில் எதையோ இழந்தவர்கள்.

இங்கே ஒரு எளிய சோதனை. செதுக்கியவர் 1915 என்று பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பார், அடியில் கேஸ் செய்த வருடம் 1917 என்று இருக்கும். அப்படியென்றால் அது 1915-ல் செதுக்கியது இல்லை. நினைவுக்காகப் போட்ட வருடம். விற்பனை முத்திரையையும் இப்படிச் சோதிக்கலாம். பழைய குறிகளுக்குள் நூறு வருட அழுக்கும் கருப்பும் படிந்திருக்கும். அதற்குள் ஒரு குறி மட்டும் உள்ளே பளபளவென்று இருந்தால், யாரோ சமீபத்தில் விலை ஏற்ற அடித்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்க.

முத்திரைக்குப் பிறகு நடப்பது

இப்போ ஆரம்பத்தில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு வருவோம். முத்திரை என்பது அது அடிக்கப்பட்ட நிமிடத்தின் உண்மை. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது.

பிரிட்டிஷ் இந்தியாவில் இதற்கு ஒரு அருமையான உதாரணம் உண்டு. மழைக்காலத்தில், குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தானாகவே விரிசல் விட்டன. யாரும் தொடவில்லை, சுடவில்லை. மழை சீசனில் நடந்ததால் அதற்கு சீசன் கிராக்கிங் என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921-ல்தான் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவும், பித்தளையை இழுத்து வடிவம் கொடுக்கும்போது உள்ளே தங்கிவிடும் அழுத்தமும் சேர்ந்து செய்த வேலை. அடியில் இருந்த வருடம், லாட், ஆய்வாளர் குறி எல்லாம் பக்காவாக இருந்தன. உலோகம் மட்டும் உடைந்திருந்தது.

பித்தளையில் விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் மருந்து தெரியாது. 1916 ஜூலை 1-ம் தேதி தொடங்கிய சோம் யுத்தத்துக்கு முன்பு ஒரு வாரம் பிரிட்டன் சுட்ட குண்டுகள் சுமார் 15 லட்சம். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை வெடிக்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவசர அவசரமாகச் செய்த குண்டுகள். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் இன்றும் விவசாயிகள் ஏர் ஓட்டும்போது குண்டுகள் மேலே வருகின்றன. இரும்பு அறுவடை என்று பெயரே இருக்கு. பெல்ஜிய ராணுவத்தின் தனிப் பிரிவு ஒன்று இவற்றைச் சேகரித்து அழிப்பதையே வேலையாக வைத்திருக்கிறது. 2014 மார்ச்சில் ஈப்ர் நகரில் ஒரு கட்டுமான இடத்தில் அப்படி ஒரு குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் போர் தொடங்கி நூறு வருடம் ஆன ஆண்டு அது.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2004 செப்டம்பர் 30. டெல்லிக்குப் பக்கத்தில் காசியாபாத்தில் ஒரு இரும்பு ஆலை. மேற்காசியாவிலிருந்து கப்பலில் வந்த பழைய இரும்பில் ராணுவக் குண்டுகள் கலந்திருந்தன. அவை வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் நாட்டின் பல காயலான் கிடங்குகளில் குண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. அந்தச் சரக்கு காகிதத்தில் வெறும் இரும்பு ஸ்கிராப். விற்றவர், வாங்கியவர், கப்பல், துறைமுகம் என்று ஒவ்வொரு கையிலும் உரிமை முறையாக மாறியிருக்கிறது. கடைசியில் அதைத் தொட்டவர்கள் மாதச் சம்பளத்துக்கோ தினக்கூலிக்கோ வேலை பார்த்தவர்கள். அதன்பிறகுதான் துண்டு துண்டாக நறுக்கப்படாத உலோக ஸ்கிராப் இந்தியாவுக்கு வர, கப்பலில் ஏற்றும் முன்பே சோதித்த சான்றிதழ் வேண்டும் என்ற விதிகள் இறுகின.

பிரிட்டனிலேயே பிற்காலத்தில் இந்த இரண்டு கேள்வியையும் பிரித்தார்கள். பயன்படுத்திய ராணுவக் குண்டுகளையும் கேஸ்களையும் ஸ்கிராப்பாகக் கைமாற்றும்போது, வெடிமருந்து இல்லை என்று தனியாக ஒரு சான்று வேண்டும். எஃப்.எஃப்.இ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஓனர் மாறியதற்கு ஒரு பதிவு, உள்ளே காலி என்பதற்கு இன்னொரு பதிவு. இரண்டாவதில், சோதித்து உறுதி சொல்லும் ஒரு மனிதர் பொறுப்பேற்கிறார். இரண்டு அம்பு முத்திரை செய்தது இதற்கு நேர் எதிர். அது பொறுப்பிலிருந்து வெளியே வருவதற்கான முத்திரை. இனி இது எங்களுடையது இல்லை என்று சொன்னது. யாருடைய தலையில் போய் விழும் என்று சொல்லவில்லை.

பாதுகாப்புத் துறையின் பழைய பொருட்கள் இங்கேயும் ஏலத்தில் போகின்றன. எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் அதை ஆன்லைனில் நடத்துகிறது. லாட் எண், எடை, அடிப்படை விலை எல்லாம் திரையில் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இந்த லாட்டைக் கடைசியில் கேஸ் கட்டர் வைத்து வெட்டப்போகிறவரிடம், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கான பதிவு போய்ச் சேருமா? அவருக்குத்தான் அது ரொம்பத் தேவை.

கடைசியாக ஒரு பிராக்டிகல் விஷயம். வீட்டுப் பரணிலோ, பழைய கடையிலோ, தோட்டத்தில் தோண்டும்போதோ இந்த மாதிரி எதாவது கிடைத்தால், முத்திரை படிக்கிறேன் என்று கவிழ்க்காதீங்க, தேய்க்காதீங்க, தட்டாதீங்க. காலியாகத் தெரியும் கேஸில்கூட பிரைமர் சுடப்படாமல் இருக்கலாம். கூம்பு மாதிரி முனை இருந்தால் தள்ளிப் போய் 112-க்கு போன் பண்ணுங்க. இன்னொன்று, இந்திய ஆயுதச் சட்டத்தில் வெடிபொருள் என்பதற்கான விளக்கத்துக்குள் ஷெல்லும் வரும், அதன் பாகங்களும் வரும். அதனால் ஆன்லைனில் பார்த்து ஆசையாக ஆர்டர் போடுவதற்கு முன்னாடி சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்க. முத்திரை படிக்கும் ஆசையை மியூசியத்தில் வைத்துக்கொள்ளலாம். அடிப்பாகம் தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லி அங்கே இருப்பவர்களிடம் கேட்டாலும் தப்பில்லை. கதை முழுக்க அங்கேதான் இருக்கு.

அந்த பிரசல்ஸ் கேஸின் அடியில் முட்டிக்கொள்ளும் அம்புகள் இருந்ததான்னு கேட்பீங்க. இல்லை. ஒற்றை அம்பு மட்டும்தான் இருந்தது. சட்டப் புத்தகத்தின்படி பார்த்தால் அது இன்னும் பிரிட்டிஷ் ராணுவத்தின் கணக்கில் இருக்கிறது. 20 யூரோ சொன்னார். நன்றி சொல்லி, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.